அதிர்வு எலக்ட்ரானின் எதைப் பிடிக்கிறது? லயத்து வீட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பினாங்கில் இயற்பியல் படிக்கும் என் அக்கா மகன் தீபாவளிக்கு சுங்கை சிப்புட் வந்து இறங்கியதும், முறுக்குத் தட்டைக்கூட வாங்காமல் கேட்டான்: "மாமா, தாமிர ஆக்சைடு மீக்கடத்தியில ஃபோனான் முக்கியமா இல்லையா? ஒரு கட்டுரை ஆமாங்குது, அடுத்த கட்டுரை இல்லவே இல்லைங்குது." மீக்கடத்தி என்றால் குளிர்ந்ததும் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள், ஃபோனான் என்றால் அதன் அணுக்களின் அதிர்வு. நான் இப்போது ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவன், ஆனால் அதற்கு முன்னால் முதுகலையில் இதே தலைப்போடு மூன்று வருஷம் மல்லுக்கு நின்றவன், அதனால் நழுவ முடியவில்லை. ஒட்டுக்கடையில் உட்கார்ந்து மூன்று நாளாக அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

"முக்கியமா இல்லையா" என்று கேட்டால் இந்த விஷயத்தில் உருப்படியான பதில் கிடைக்காது. அதிர்வு எலக்ட்ரானின் எதைப் பிடித்து ஆட்டுகிறது என்று கேட்க வேண்டும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கடுமையாக விலக்கும் பொருள்களில், அதாவது வலுத்தொடர்புப் பொருள்களில், அந்த விலக்கம் ஒருவகைப் பிடியை நசுக்கிவிடும், இன்னொரு வகையைத் தொடக்கூட முடியாது. குவாண்டம் இயக்கவியல் கொஞ்சம் தெரிந்தால் பென்சிலோடு படியுங்கள். தெரியாவிட்டால் கணக்கைத் தாண்டிப் போனாலும் கதை புரியும்.

படி 1: சாதாரண உலோகத்தில் என்ன நடக்கிறது

பால்மரத் தோட்டத்தில் நிரை பிடித்து மரம் நட்டிருப்பது போல, படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக நிற்கின்றன. இந்த ஒழுங்குக்குப் பெயர் அணிக்கோவை. நிரை சரியாக இருந்தால் எலக்ட்ரான் எதிலும் மோதாமல் போய்விடும் என்று 1928இல் பிளாக் காட்டினார். அதைத் தடுப்பவை குறைபாடுகளும் அணுக்களின் நடுக்கமும்தான். அந்த நடுக்கத்தை எண்ணிப் பார்க்கும் அலகு ஃபோனான். செம்புக் கம்பி சூடேறினால் மின்தடை கூடுவதற்கு ஃபோனான்தான் காரணம்.

1950இல் பாதரசத்தின் ஐசோடோப்பை மாற்றியபோது மீக்கடத்தி ஆகும் வெப்பநிலையும் மாறியது. அணுவின் எடை எலக்ட்ரான்களின் விஷயத்தில் தலையிடுகிறது என்றால் இடையில் அதிர்வு இருந்தாக வேண்டும். 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும், அதிர்வு எலக்ட்ரான்களை ஜோடி சேர்ப்பதால்தான் மீக்கடத்தல் வருகிறது என்ற கோட்பாட்டை முடித்தார்கள். அடுத்த வருஷம் மிக்டால், ஃபோனானின் ஆற்றல் எலக்ட்ரானின் ஆற்றலைவிட மிகச் சிறியதாக இருந்தால் சிக்கலான திருத்தங்களை எல்லாம் விட்டுவிடலாம் என்று காட்டினார். காரீயத்தில் அந்த விகிதம் ஆயிரத்தில் ஒன்று அளவுதான், கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாம். 1960இல் எலியாஷ்பெர்க் இதன்மேல் கட்டிய சமன்பாடுகள் காரீயம், நியோபியம் போன்றவற்றுக்கு அவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன. அந்த அழகுதான் பிறகு பல பேரைக் குழியில் தள்ளியது, என்னையும் சேர்த்து.

படி 2: நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் ஒரு தாளில் நான்கு ஆற்றல்களை எழுதுங்கள். பக்கத்து அணுவுக்கு எலக்ட்ரான் தாவும் ஆற்றல், ஒரே அணுவில் இரண்டு எலக்ட்ரான் சேர்ந்தால் ஆகும் விலக்காற்றல், அதிர்வின் ஆற்றல், எலக்ட்ரானை அதிர்வு பிடிக்கும் பலம். தாமிர ஆக்சைடுக்கு மாதிரிக் கணக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: தாவல் 0.4 எலக்ட்ரான்வோல்ட், விலக்கு 3.2, அதிர்வு 0.07, பிடி 0.1. கடைசி எண் கணக்குக்காக நான் வைத்தது, மற்றவை உண்மைக்குப் பக்கத்தில் இருப்பவை.

ஆற்றலை நேரமாக மாற்றிப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். பிளாங்க் மாறிலியை ஆற்றலால் வகுத்தால், 0.07க்கு 59 ஃபெம்டோ செகண்டு வருகிறது. தாவலுக்குச் சுமார் 10. விலக்காற்றலுக்கு 1.3 மட்டுமே. அணு ஒருமுறை ஆடி முடிப்பதற்குள் எலக்ட்ரான் ஐந்தாறு வீடு மாறிவிடும், இரண்டு எலக்ட்ரான் தற்செயலாக ஒரே வீட்டில் சந்தித்துப் பிரிவது நாற்பது தடவைக்கு மேல் நடந்து முடிந்திருக்கும். இந்த மூன்று கடிகாரங்களையும் மறக்காதீர்கள், நாலாம் படியில் திரும்பத் தேவைப்படும்.

படி 3: பிடியின் வகையைக் கண்டுபிடியுங்கள்

என் தாத்தா காலத்து லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக வீடுகள், பலகைத் தரை, வீட்டுக்கு வீடு போக ஒரு நடைபலகை. வீட்டுக்கு ஒரு ஆள் என்பது கணக்கு. ஒரே வீட்டில் இரண்டு பேர் புகுந்தால் சண்டை, அந்தச் சண்டைதான் விலக்காற்றல். சண்டை பெரிதாக இருந்தால் யாரும் நகர மாட்டார்கள், அவரவர் வீட்டில் அவரவர். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு இடம் உண்டு என்பதால் பாதி இடம் காலியாக இருந்தும் மின்சாரம் ஓடாத இந்த நிலைக்கு மாட் காப்பான் என்று பெயர். எளிய கணக்குப்படி உலோகமாக இருக்க வேண்டிய நிக்கல் ஆக்சைடு காப்பானாக இருப்பதை டி போயரும் வெர்வேயும் 1937இல் எடுத்துச் சொன்னார்கள், மாட் பின்னர் காரணத்தை விரித்தார், 1963இல் ஹப்பார்டு அதை ஒற்றைவரி மாதிரியாக்கினார்.

சரி, இந்த லயத்தில் எது ஆடலாம்?

ஒன்று, தரை. வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத் தரைப்பலகை அமுங்கும் அல்லது எழும்பும். ஹோல்ஸ்டைன் 1959இல் எழுதியது இந்த வகைதான், பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஆனால் வீட்டுக்கு ஒரு ஆள் என்று எல்லா வீட்டிலும் ஒரே கணக்காக இருந்தால் தரைக்குப் புதிதாக அமுங்க என்ன இருக்கிறது? தலைக்கணக்கு மாறினால்தான் தரை அசையும், தலைக்கணக்கு மாறவே விலக்காற்றல் விடுவதில்லை. ஆக இந்தப் பிடியை விலக்கம் நசுக்கிவிடுகிறது.

இரண்டு, நடைபலகை. அணுக்கள் நெருங்கினால் தாவல் எளிது, விலகினால் கடினம். இதற்கும் தலைக்கணக்குக்கும் சம்பந்தமில்லை. ஆட்கள் நிரந்தரமாக மாறிக்கொள்ளாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்கு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள், அந்த எட்டிப் பார்த்தலிலிருந்துதான் பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரான்களின் சுழற்சிகளை (ஸ்பின், எலக்ட்ரானைக் குட்டிக் காந்தமாக்கும் குணம்) மேலும் கீழுமாக நிற்க வைக்கும் காந்தப் பிணைப்பு பிறக்கிறது. அதன் அளவு தாவலின் இருமடியை நான்கால் பெருக்கி விலக்கால் வகுத்தது. இருமடி என்பதால் நடைபலகை ஆடித் தாவல் 10 விழுக்காடு மாறினால் காந்தப் பிணைப்பு சுமார் 20 விழுக்காடு மாறும், விலக்காற்றல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த விகிதம் குறையாது. செம்பு ஜெர்மனேட்டில் 14 கெல்வினுக்குக் கீழே செம்பு அணுக்கள் ஜோடி ஜோடியாக நெருங்கிக்கொள்வது இதற்குக் கண்கூடான சாட்சி, அது முழு மாட் காப்பான்.

மூன்று, வீட்டுக்குள்ளே ஆள் எங்கே படுத்திருக்கிறார் என்பது. முன்னறையில் படுத்தால் வீடு ஒரு பக்கம் சாயும், பின்னறை என்றால் மறுபக்கம். தலைக்கணக்கு அதே ஒன்றுதான், ஆனால் வீட்டின் வடிவம் மாறிவிட்டது. எலக்ட்ரானுக்கு ஒரே ஆற்றலில் இரண்டு மூன்று ஆர்பிட்டல், அதாவது படுக்கும் அறை, இருந்தால் இப்படி நடக்கும் என்று 1937இல் யானும் டெல்லரும் நிரூபித்தார்கள். விலக்கம் இதையும் நசுக்க முடியாது, ஏனென்றால் அதற்குத் தலையை எண்ணத்தான் தெரியும்.

என் மூன்று வருஷத்தில் முதல் ஒன்றரை வருஷத்தை முதல் வகையை வைத்து மூன்றாம் வகைப் பொருளைப் புரிந்துகொள்ள முயன்று வீணாக்கினேன். அதனால்தான் இந்தப் படியை இவ்வளவு இழுக்கிறேன்.

படி 4: இரண்டு வீடு, இரண்டு ஆள்

இனி கணக்கு. இரண்டு அணு, இரண்டு எலக்ட்ரான், அதிர்வு இல்லை. தாவலை 1 என்றும் விலக்கை 8 என்றும் வைத்தால் கிடைக்கும் மிகக் குறைந்த ஆற்றல்: 8இன் இருமடியோடு 16 கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 8.944, அதை 8இலிருந்து கழித்துப் பாதியாக்கினால் கழித்தல் 0.472. காந்தப் பிணைப்பின் எளிய வாய்ப்பாடு 0.5 என்கிறது. கிட்டத்தட்ட சரி, அதாவது நம் இரண்டு வீட்டு லயம் பெரிய லயத்தின் குணத்தை ஓரளவு காட்டுகிறது.

இப்போது தரைப்பலகையைச் சேருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பிடி, ஆள் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்ததோடு பெருகி வரட்டும். வீட்டுக்கு ஒருவர் இருக்கும் நிலையில் அது பூஜ்யம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு வீட்டில் கூட்டல் ஒன்று, மறுவீட்டில் கழித்தல் ஒன்று. இரண்டு தரையும் அசைந்து இடம் கொடுத்தால் கிடைக்கும் லாபம், பிடியின் இருமடியை அதிர்வால் வகுத்து இரண்டால் பெருக்கியது: நம் எண்களில் 0.286 எலக்ட்ரான்வோல்ட். புத்தகத்தில் விலக்கு 3.2இலிருந்து 2.91 ஆகக் குறைகிறது என்று எழுதியிருப்பார்கள், அதை வைத்துக் காந்தப் பிணைப்பைப் போட்டால் சுமார் 10 விழுக்காடு கூடிவிடும்.

இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். அந்தக் குறைப்பு அதிர்வு மின்னல் வேகத்தில் நடந்தால் மட்டுமே செல்லும். நம்மிடம் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருப்பது 1.3 ஃபெம்டோ செகண்டு, தரை அமுங்க எடுப்பது அதற்கு நாற்பது மடங்கு. தரை அமுங்குவதற்குள் விருந்தாளி கிளம்பிவிட்டார். முறையாகப் பார்த்தால் திருத்தம், பிடியின் இருமடியின் இரட்டிப்பை விலக்கின் இருமடியால் வகுத்த அளவுக்குத்தான் வரும். 0.02ஐ 10.24ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.2 விழுக்காடு. பத்துக்கும் 0.2க்கும் உள்ள தூரத்தைப் பார்த்து அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை, அவனுடைய புராஜெக்டில் பத்தைத்தான் போட்டிருந்தான்.

படி 5: ஓர் ஆளை வெளியே அனுப்புங்கள்

தாமிர ஆக்சைடில் மீக்கடத்தல் வருவது எலக்ட்ரான்களைக் கொஞ்சம் எடுத்த பிறகுதான். லயத்தில் ஒரு வீடு காலியாகிறது. காலி வீட்டின் தரை எழும்பும், பக்கத்து ஆள் அங்கே குடிபோனால் அந்தக் காலியிடம் நகரும், எழும்பிய தரையும் கூடவே நகர வேண்டும். எலக்ட்ரான் தன்னைச் சுற்றிய குழியையும் இழுத்துக்கொண்டு போகும் இந்தச் சேர்க்கைக்குப் பெயர் போலரான், கருத்து 1933இல் லாண்டாவிடமிருந்து தொடங்குகிறது.

இதன் தாவல் எவ்வளவு குறையும்? லாங், ஃபிர்சோவ் முறைப்படி, பிடியை அதிர்வால் வகுத்து இருமடியாக்கி e-யின் அடுக்குக்குறியில் கழித்தலாகப் போடுங்கள். நமக்கு அது 2.04, குறைப்புக் காரணி 0.13, தாவல் 0.4இலிருந்து 0.05க்கு விழுகிறது. பயப்பட வேண்டாம், இந்த முறையும் வேகமான அதிர்வுக்குத்தான் சரி, நம்முடையது மெதுவான அதிர்வு, அதனால் குறைப்பை மிகைப்படுத்துகிறது. மெதுவான அதிர்வுக்குப் பொருத்தமான சோதனை வேறு: குழியில் கிடைக்கும் லாபமும் ஓடுவதில் கிடைக்கும் லாபமும், எது பெரிது? குழி லாபம் 0.143. இரு பரிமாணத்தில் சுதந்திரமாக ஓடினால் கிடைப்பது தாவலின் நான்கு மடங்கு, 1.6. விகிதம் 0.09, போலரான் உருவாகாது.

ஆனால் காலியிடம் சுதந்திரமாக ஓடவில்லையே. சுற்றிலும் சுழற்சிகள் மேலும் கீழுமாக ஒழுங்கு பிடித்து நிற்கின்றன, காலியிடம் ஓடினால் அந்த ஒழுங்கைக் கலைத்துக்கொண்டு போக வேண்டும். அதனால் அதன் வேகம் தாவலின் அளவிலிருந்து காந்தப் பிணைப்பின் அளவுக்கு இறங்கிவிடுகிறது, தாமிர ஆக்சைடில் அளந்து பார்த்தால் அது சுமார் 0.13 எலக்ட்ரான்வோல்ட் (நம் மாதிரி எண்களை எளிய வாய்ப்பாட்டில் போட்டால் 0.2 வரும்). இப்போது 0.143ஐ அதனோடு ஒப்பிடுங்கள். எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

மழைக்காலத்தில் செம்பனைக் குலை ஏற்றிய மோட்டோரைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். வேகமாகப் போனால் சேறு இழுக்காது. எதிரே மாடு வந்து நீங்கள் மெதுவானீர்கள் என்றால் டயர் இறங்கும், இறங்கியதும் இன்னும் மெதுவாகும், இன்னும் இறங்கும். இங்கே மாடு காந்த ஒழுங்கு, சேறு அதிர்வு. இப்படி எலக்ட்ரான் விலக்கம் தலைக்கணக்குப் பிடியை ஒரு கையால் நசுக்கிக்கொண்டே, மறுகையால் காலியிடத்தை மெதுவாக்கி அதே பிடியில் மாட்டிவிடுகிறது. 2004இல் மிஷ்செங்கோவும் நாகாவோசாவும் இதை எண்ணியல் கணக்கில் காட்டினார்கள். ஒரு கட்டுரை ஆமாம், ஒரு கட்டுரை இல்லை என்பதன் பாதிக் காரணம் இதுதான், ஒருவர் நிறைந்த லயத்தைப் பார்க்கிறார், மற்றவர் காலி வீட்டைப் பார்க்கிறார்.

இதே காரணத்தால் மிக்டால் சொன்ன சலுகையும் போய்விடுகிறது. காரீயத்தில் ஆயிரத்தில் ஒன்றாக இருந்த விகிதம் இங்கே 0.07க்கு 0.13, அதாவது பாதி.

படி 6: நிஜப் பொருள்களில் பொருத்திப் பாருங்கள்

மாங்கனைட்டு (ஒருவகை மாங்கனீசு ஆக்சைடு): மூன்றாம் வகை, அறை மாறிப் படுக்கும் வகை. காந்தப்புலம் வைத்தால் மின்தடை பிரமாண்டமாகக் குறையும் பொருள். எலக்ட்ரான் தாவுவதே சுழற்சிகளை ஒரே பக்கம் திருப்புகிறது என்று 1951இல் ஸீனர் சொன்ன விளக்கம் மட்டும் போதாது, யான்-டெல்லர் சாய்வும் வேண்டும் என்று 1995இல் மில்லிஸ், லிட்டில்வுட், ஷ்ரைமன் வாதிட்டார்கள். அடுத்த வருஷம் ஆக்சிஜன் 16ஐ 18ஆக மாற்றியபோது ஒரு மாங்கனைட்டில் காந்தமாகும் வெப்பநிலை 20 கெல்வினுக்கு மேல் இறங்கியது. நியூட்ரான் இரண்டு கூடியதற்கு இவ்வளவு மாற்றம்! அணுவின் எடை இப்படிப் பேசினால் அதிர்வைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம்.

கார்பன் 60 பந்துகள், அதாவது அறுபது கார்பன் அணு பந்தாகச் சேர்ந்த மூலக்கூறுகள், எனக்கு மிகவும் பிடித்தவை. சீசியம் மூன்று சேர்த்த பந்துப் படிகம் சாதாரண அழுத்தத்தில் மாட் காப்பான், அழுத்தினால் 38 கெல்வினில் மீக்கடத்தி. விலக்கம் இவ்வளவு பெரிதாக இருந்தும் அதிர்வு எப்படி ஜோடி சேர்க்கிறது? அது பந்தின் வடிவத்தைப் பிடிக்கிறது, தலையை எண்ணவில்லை. காப்போனே குழுவினர் 2002இல் இதைக் காட்டினார்கள், விலக்கம் எலக்ட்ரானை மந்தமாக்குவதால் அதே சிறு பிடி பெரிதாகத் தெரிகிறது என்றும் சொன்னார்கள்.

வனேடியம் டைஆக்சைடு 68 டிகிரி செல்சியசில் காப்பானிலிருந்து உலோகமாகிறது, கூடவே ஜோடி கட்டியிருந்த வனேடியம் அணுக்கள் பிரிகின்றன. அது நடைபலகையா விலக்கமா என்று 1959இலிருந்து சண்டை நடக்கிறது. இரண்டும்தான் என்பது என் கட்சி.

தாமிர ஆக்சைடு மீக்கடத்தியைக் கண்டுபிடித்த முல்லரும் பெட்நோர்ஸும் 1986இல் தேடியதே யான்-டெல்லர் போலரானைத்தான் என்பது பலருக்குத் தெரியாது. வந்து நின்ற இடம் வேறாக இருந்தது, வழி அதுதான்.

படி 7: சோதனை முடிவுகளைப் படிக்கும்போது

ஐசோடோப்புச் சோதனை பெரிய ஆயுதம், ஆனால் ஏமாற்றும். முதல் படியில் பார்த்த பாதரசத்தின் விதி சரியென்றால், 93 கெல்வினில் மீக்கடத்தியாகும் இட்ரியம் தாமிர ஆக்சைடில் ஆக்சிஜனை மாற்றியதும் ஐந்து கெல்வின் அளவுக்கு இறங்க வேண்டும், இறங்கியது ஒரு கெல்வினுக்கும் குறைவு. உடனே ஃபோனான் செத்தது என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அதே குடும்பத்தில் காலியிடங்களைக் குறைத்தால் ஐசோடோப்பு விளைவு ஏறுகிறது. சின்ன எண் வந்தால் அதிர்வு இல்லை என்று பொருளில்லை, அந்த இடத்தில் அந்த அளவீட்டில் அது தெரியவில்லை என்றுதான் பொருள்.

ஒளியால் எலக்ட்ரானை வெளியே தட்டி அதன் வேகத்தை அளந்தால், தாமிர ஆக்சைடுகளில் 70 மில்லி எலக்ட்ரான்வோல்ட் அருகே ஒரு வளைவு தெரிகிறது, 2001இலிருந்து அதைச் சுற்றித் தகராறு. ஃபோனானும் அங்கே இருக்கிறது, காந்த அலைவுகளும் அந்தப் பக்கம்தான். ஆற்றல் ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், ஐசோடோப்பை மாற்றினால் வளைவு நகர்கிறதா என்று பாருங்கள். 2008இல் பிஸ்மத் சேர்ந்த தாமிர ஆக்சைடில் சில மில்லி எலக்ட்ரான்வோல்ட் நகர்ந்தது. ராமன் ஒளிச்சிதறலில் எந்த அதிர்வு மென்மையாகிறது என்பதை நேராகவே பார்க்கலாம். திருச்சிக்காரர் 1928இல் கண்டது இன்றைக்கும் இந்தத் துறையின் அன்றாடக் கருவி.

ஒற்றைச் சங்கிலித் தாமிர ஆக்சைடைப் பற்றிய 2021 வேலையையும் பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கிடையே தாவல் அளவுக்கு ஓர் ஈர்ப்பு இருந்தால்தான் அளவீடு பொருந்துகிறது, வெறும் விலக்கத்திலிருந்து அது வராது, அதிர்வு கொடுத்திருக்கலாம் என்கிறார்கள்.

படி 8: கணினியில்

அடர்த்திச் சார்புக் கணக்கு (DFT, எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துப் பொருளின் ஆற்றலைப் போடும் கணினி முறை) தாமிர ஆக்சைடுக்குச் சின்னப் பிடியைத்தான் தரும். எலக்ட்ரான்களின் விலக்கத்தை அது முழுதாகப் பார்ப்பதில்லை என்பதால் அந்த எண்ணை வேதவாக்காக எடுக்க முடியாது, அதே காரணத்தால் பெரிய எண் வந்தாலும் குதிக்கக் கூடாது. முதலில் நாலாம் படியின் இரண்டு வீட்டுக் கணக்கைப் பைதானில் நீங்களே எழுதுங்கள், ஒரு மாலை போதும், மடிக்கணினி போதும்.

அதில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான். அதிர்வின் படிகள் முடிவில்லாதவை, கணினிக்கு எங்கேயாவது வெட்ட வேண்டும். இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்து தரை முழுதாக இடம் கொடுத்த நிலையில் நம் எண்களுக்குச் சராசரியாக நான்கு ஃபோனான் இருக்கும், நீங்கள் ஐந்தில் வெட்டினால் வாலைக் கத்தரித்துவிட்டீர்கள். அக்கா மகன் ஆறில் வெட்டியிருந்தான். 15இல் வெட்டி ஓட்டுங்கள், பிறகு 25இல், இரண்டுக்கும் ஆற்றல் ஐந்தாவது தசமம் வரை ஒத்துப்போனால் அடுத்த எண்ணுக்குப் போகலாம், ஒத்துப்போகாவிட்டால் இன்னும் கூட்டுங்கள். அப்புறம் பிடியைத் தரையிலிருந்து நடைபலகைக்கு மாற்றி, விலக்கை மட்டும் 2, 4, 8, 16 என்று ஏற்றிக்கொண்டே காந்தப் பிணைப்பின் விழுக்காட்டு மாற்றத்தை இரண்டு வகைக்கும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள்.